சீசன் கடைசி வாரம், வில்லோட மியூல் டியர் வேட்டை: வசாட்ச் மலையில 5 நாள் (பெரிய பதிவு, கடைசியில ஒரு கேள்வி இருக்கு)

சால்ட்லேக்_வில்:

வணக்கம் மக்களே. சின்னதா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், எழுத எழுத நீண்டு போச்சு, பொறுமையா படிங்க. அனுபவம் உள்ளவங்க கடைசியில இருக்கிற கேள்விக்கு பதில் சொன்னா போதும்.

நான் இருக்கிறது சால்ட் லேக் சிட்டிக்கு தெக்க. வில்லு எடுத்து இது நாலாவது வருஷம், இதுவரைக்கும் ஒரு மான்கூட வீட்டுக்கு கொண்டு வந்ததில்ல. யூட்டால பொதுவான வில் சீசன் ஆகஸ்ட் நடுவுல ஆரம்பிச்சு செப்டம்பர் நடுவுல முடிஞ்சிரும். அந்த பர்மிட்ல மான் எடுக்காதவங்களுக்கு மட்டும், நகரத்துக்கு கிழக்க சுவர் மாதிரி நிக்குதே வசாட்ச் மலை, அந்தப் பக்கம் நவம்பர் 30 வரைக்கும் வில்லு வச்சு போக அனுமதி உண்டு. அதுக்கு ஆன்லைன்ல ஒரு எத்திக்ஸ் கோர்ஸ் முடிச்சு சர்ட்டிஃபிகேட்ட கையோட வச்சிருக்கணும். அது அவசியமும்கூட, ஏன்னா கீழ பூரா வீடு, நாய கூட்டிக்கிட்டு நடக்கிறவங்க, குழந்தைங்க, அங்க நாம பண்ற ஒரு தப்பு எல்லா வேட்டைக்காரங்க தலையிலயும் விடியும்.

தேங்க்ஸ்கிவிங் வாரம் (நவம்பர் கடைசி) லீவு போட்டேன். காரணம் ரெண்டு. மேல 9000 அடியில பனி முழங்கால தாண்டிட்டா மானுங்க 5000, 6000 அடிக்கு இறங்கி சேஜ்பிரஷ், பிட்டர்பிரஷ், கேம்பல் ஓக் புதர் இருக்கிற சரிவுக்கு வந்துரும், அதுதான் அதுங்களோட குளிர்கால வீடு. ரெண்டாவது, நவம்பர் நடுவுலருந்து கடைசி வரைக்கும் இணைசேர்ற காலம். ஆகஸ்ட்ல கண்ணுலயே படாத பெரிய கலைமான் எல்லாம் கழுத்து வீங்கி, மேய்ச்சல மறந்து பிணை மான் பின்னாடியே மோந்துக்கிட்டு திரியும். (நம்ம பழைய தமிழ்ல ஆண் மானுக்கு கலை, பெண் மானுக்கு பிணைன்னு தனித்தனியா பேர் இருக்கு, இங்க பக், டோன்னு சொல்றதுக்கு அதுவே நல்லா இருக்கு, நான் அப்படியே எழுதுறேன்.) கலை புத்தி தடுமாறி நிக்கிற நேரம்னு நாம நினைக்கிறோம், ஆனா அது கூட நிக்கிற ஆறேழு பிணையோட கண்ணும் காதும் மூக்கும் தடுமாறல. கோவேறு கழுதை (மியூல்) காது மாதிரி பெரிய காதுன்னுதானே மியூல் டியர்னு பேரே வந்துச்சு.

முத நாள் காத்து கெடுத்துச்சு. விடியக்காலைல குளிர்ந்த காத்து மலைலருந்து கீழ வழியும், வெயில் சரிவுல பட்டதும் அப்படியே திரும்பி மேல ஏறும். நான் மேலருந்து இறங்கி 90 யார்டு வரைக்கும் போயிட்டேன், பிடரியில காத்து பட்டுச்சு, என் வாடை கீழ மானுக்கு போயிருச்சு, அவ்வளவுதான், அஞ்சு பிணையும் ஒரு கலையும் நாலு காலையும் ஒண்ணா ஊனி ரப்பர் பந்து மாதிரி துள்ளிக்கிட்டு போச்சு. அந்த துள்ளல பாக்கிறதுக்காகவே மலை ஏறலாம்.

ரெண்டாம் நாள் நல்லா வளந்த கலை ஒண்ணு, ரெண்டு பக்கமும் கொம்பு கவை கவையா பிரிஞ்சு நாலு நாலு முனை, 58 யார்டுல எனக்கு பக்கவாட்டுல நின்னுச்சு. வெயில் காலத்துல 60 யார்டுல சாப்பாட்டு தட்டு அளவுக்குள்ள அம்பு போடுவேன். அன்னைக்கு மைனஸ் 9 டிகிரி, மூணு லேயர் ஜாக்கெட், விரல் மரத்துப்போய் ரிலீஸ் (நாண விடுவிக்கிற விசை) எங்க இருக்குன்னே தெரியல, மூச்சு பட்டு பீப் சைட் (நாணுல குறி பாக்கிற ஓட்டை) மங்கலா இருக்கு. வில்ல இறக்கிட்டேன். அது ரெண்டு நிமிஷம் நின்னுட்டு போச்சு.

மூணாம் நாள் ஒண்ணும் நடக்கல. மேல்பனி உருகி திரும்ப உறைஞ்சு அப்பளம் மாதிரி ஆயிருச்சு, ஒரு அடி வச்சா பள்ளத்தாக்கு பூரா கேக்குது.

நாலாம் நாள் சாயங்காலம் 4:10. ஓக் புதர் ஓரமா உக்காந்திருந்தேன், மூணு பிணை எனக்கு கீழ மேஞ்சுக்கிட்டே வந்துச்சு, பின்னாடி ஒரு கலை. ரேஞ்ச்ஃபைண்டர்ல (தூரம் அளக்கிற கருவி) 31 யார்டு. கலை நின்னுச்சு, முழுசா இழுத்து, சைட்ல குறி வைக்கிற பின்ன (சின்ன முள்ள) தோளுக்கு பின்னாடி வச்சேன், விரல் ரிலீஸ அழுத்துற அந்த நொடியில முன்னாடி போன பிணை சட்டுன்னு நகர்ந்துச்சு, கலையும் ஒரு அடி முன்ன வச்சுருச்சு. அம்பு ரெண்டு நுரையீரல்லயும் போக வேண்டியது, ஒரு சாண் பின்ன தள்ளி போச்சு. அது முதுக வளைச்சு கொஞ்ச தூரம் ஓடி, நின்னு, திரும்பி பாத்துட்டு, தலைய தொங்கப் போட்டு நடந்தே புதருக்குள்ள போச்சு. அந்த நடையிலயே எனக்கு புரிஞ்சு போச்சு.

அரைமணி நேரம் அசையாம உக்காந்துட்டு அம்ப போய் எடுத்தேன். முழுசா ஊடுருவி அந்தப் பக்கம் பனியில கெடந்துச்சு. கருஞ்சிவப்பு ரத்தம், நுரை இல்ல, சாண வாடையும் இல்ல. கல்லீரல். கல்லீரல்னா குறைஞ்சது நாலஞ்சு மணி நேரம் விட்டுறணும்னு எல்லாரும் சொல்லிக் கொடுத்தது. ஆனா வானிலையில ராத்திரி 7 மணிக்கு மேல பனின்னு போட்டிருந்தான், 5:30க்கே விழ ஆரம்பிச்சிருச்சு. ரத்தத்தடம், கால்தடம் எல்லாம் மூடிரும். கார்ல வந்து வில்ல வச்சுட்டு (இருட்டுல விளக்கும் ஆயுதமும் சேர்ந்து கையில இருக்கக்கூடாது), எனக்கு வில்லு சொல்லிக் கொடுத்த ஆபீஸ் நண்பருக்கு போன் பண்ணேன், அவர் வந்ததும் 6:15க்கு ஹெட்லேம்ப் போட்டு ரெண்டு பேரும் தடம் பிடிச்சோம். சுமார் 180 மீட்டர்ல ஒரு படுக்கை, பனி உருகி நடுவுல ரத்தம் தேங்கி நிக்குது. அடுத்த நொடி முன்னாடி இருட்டுல எழுந்து ஓடுற சத்தம். அப்படியே நின்னுட்டோம். ஜிபிஎஸ்ல குறிச்சு, மரத்துல ஆரஞ்சு டேப் கட்டிட்டு ஒரு வார்த்தை பேசாம திரும்பிட்டோம்.

அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. நாலு இன்ச் பனி விழுந்துச்சு.

காலைல வெளிச்சம் வந்ததும் போனோம், தடம் ஒண்ணும் இல்ல. டேப் கட்டுன எடத்துலருந்து கீழ்நோக்கி வரிசை வரிசையா பிரிச்சு நடந்தோம். 10:20க்கு ஒரு ஓடைப் பள்ளத்துக்கு மேல மேக்பைங்க (காக்கா இனப் பறவை) கத்திக்கிட்டு இறங்குறத நண்பர்தான் பாத்தார். அங்க பனிக்கு வெளிய ஒத்தக் கொம்பு மட்டும் தெரிஞ்சுது. படுக்கையிலருந்து 240 மீட்டர். ஒரு பின்னந்தொடைய கொயோட்டி (சின்ன ஓநாய் மாதிரி) தின்னுருந்துச்சு. ராத்திரி முழுக்க குடல் உள்ளயே இருந்ததால இடுப்பு எலும்பு ஓரத்துல வாடை வந்துருச்சு, அத விட வேண்டியதாப் போச்சு. முன்சப்பை ரெண்டும், கழுத்து, முதுகுச்சதை, இன்னொரு தொடையில பாதி நல்லா இருந்துச்சு. டேக் (பர்மிட் சீட்டு) கட்டி, ரெண்டு பேரும் முதுகுல சுமந்து மூணு மணி நேரத்துல இறக்கினோம்.

கேள்வி இதான். பனி விழும்போது ரெண்டே மணி நேரத்துல தடம் பிடிச்சு போனது சரியா, தப்பா? நீங்களா இருந்தா என்ன பண்ணிருப்பீங்க?

கொலராடோ_குளிர்:

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிர்றனுங்க. 58 யார்டுல வில்ல இறக்குனது நீங்க பண்ணதுலயே பெரிய காரியம். நான் 17 வருசமா போறேன், அதப் பண்ண எனக்கு பத்து வருசம் ஆச்சுங்க.

கேள்விக்கு வர்றேன். தப்புன்னுதான் சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க. கல்லீரல்ல பட்ட மான விரட்டாம விட்டா பெரும்பாலும் 200 யார்டுக்குள்ளயே படுத்துக்கும், படுத்த எடத்துலயே உயிர் போயிரும். உங்க மானும் 180 மீட்டர்ல படுத்திருந்துச்சுல்லங்க? நீங்க போகாம இருந்திருந்தா அங்கயேதான் இருந்திருக்கும். பனி தடத்த மூடும், மான தூக்கிட்டு போகாதுங்க. எந்தப் புதருக்குள்ள போச்சுன்னு கண்ணால பாத்திருக்கீங்க, ராத்திரி 9, 10 மணி வரைக்கும் பொறுத்துட்டு அந்தப் புதர சுத்தி தேடியிருந்தா கொயோட்டி வர்றதுக்கு முன்னயே கிடைச்சிருக்கும், தொடையும் வாடை அடிச்சிருக்காது.

ஆனா படுக்கையப் பாத்ததும் தொரத்தாம திரும்புனீங்க பாருங்க, அதுதான் மான கையில கொடுத்துது. அந்த நேரத்துல இன்னும் 50 மீட்டர் போயிருந்தீங்கன்னா அது ஒரு மைல் போயிருக்கும்.

இன்னொண்ணு, அது நிஜமாவே அடி முன்ன வச்சுதா, இல்ல நாண் சத்தத்துக்கு அதிர்ந்துச்சா? உங்க அம்பு நொடிக்கு 275 அடின்னு வச்சுக்குவோம், 31 யார்டு போக நொடியில மூணுல ஒரு பங்கு ஆகும். நாண் சத்தம் அதுல நாலுல ஒரு பங்கு நேரத்துலயே அதோட காதுக்கு போயிரும். மிச்ச நேரம் அதுக்கு முழங்கால மடக்கி உடம்ப திருப்ப தாராளமா போதுமுங்க.

சால்ட்லேக்_வில்:

@கொலராடோ_குளிர் அண்ணே, கோவமெல்லாம் இல்ல, நேரா சொன்னதுக்கு நன்றி. நாலு நாளா என் மனசு சொல்லிக்கிட்டு இருந்ததும் இதேதான்.

அடி வச்சது உறுதி. பனியில தடம் பாத்தேன், ரெண்டு முன்னங்காலும் சேர்ந்து நின்ன தடம், அதுக்கு முன்னாடி ஒரு நீட்டமான அடி, அப்புறம்தான் ஓட்டத்துல மண்ணு தெறிச்ச தடம். அதிர்ந்து இறங்கியிருந்தா அம்பு மேல போயிருக்கணும், உயரம் சரியாதான் இருந்துச்சு, பின்னாடிதான் போச்சு.

அரிசோனா_அக்கா:

தம்பி, பதிவ ரெண்டு தடவ படிச்சேன். உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, மரியாததான் கூடுது, ஏன்னா இந்த மாதிரி நடந்தத முக்காவாசி பேரு எழுத மாட்டாங்க, கொம்போட போட்டோ மட்டும் போடுவாங்க.

கொலராடோ அண்ணன் சொல்றது குளிர் நாட்டுக்கு சரி. எங்க ஊர்ல அது நடக்காது. அரிசோனால பாலைவன மியூல் டியருக்கு இணைசேர்ற காலமே தள்ளித்தான் வரும், டிசம்பர் கடைசி, ஜனவரி. குட்டி ஜூலை, ஆகஸ்ட்ல மழை பேஞ்சு புல்லு வர்ற நேரத்துல பொறக்கணும்ல, அதுக்கு தக்கன அது கணக்கு வச்சிருக்கு. அதனால எங்க வில் சீசன் ஜனவரியிலதான் சூடு பிடிக்கும். ஜனவரியிலயே தெக்க மதியம் 18, 20 டிகிரி வரும், ராத்திரி முழுக்க விட்டா கறி போயிரும். அப்போ நாலு மணி நேரம் பொறுத்து, ராத்திரியே போய் எடுத்துர்றதுதான் ஒரே வழி. ஊருக்கு ஊர் கணக்கு மாறும்கிறதுக்கு சொல்றேன்.

பனி விழும்போது நீ பயந்து போனது எனக்கு புரியுது. ஆனா ஒரு நடுவழி இருந்துச்சு. புதருக்குள்ள போன எடத்த மட்டும் பனி மூடுறதுக்கு முன்னாடி டேப்பால குறிச்சு, காம்பஸ்ல தெசைய எழுதிட்டு, உள்ள போகாம வந்துருக்கலாம். அந்த ஒரு புள்ளியும் தெசையும் இருந்தா காலைல தேடுறது பாதி வேலதான்.

புதுசா வர்ற பிள்ளைங்களுக்கும் ஒண்ணு சொல்லிர்றேன், நடந்து வர்ற கலைய நிறுத்துறதுக்கு வாயால "மே"ன்னு சத்தம் குடுப்பாங்க. நின்னுரும், ஆனா உடம்பெல்லாம் முறுக்கி ஒன்னயவே பாத்துக்கிட்டு நிக்கும், நாண் அசைஞ்சா போதும். 25 யார்டுக்குள்ள அது தானா நிக்கிற வரைக்கும் காத்திரு. முன்னங்கால் முன்ன நீட்டி நிக்கணும், தல கீழ இருக்கணும், பிணையும் நின்னுருக்கணும். தம்பி மான் நகந்தது அது பாத்த பிணையாலதான்.

மதுர_பையன்:

அண்ணே, நான் மதுரைல இருக்கேன், வேட்டையெல்லாம் தெரியாது, தமிழ்ல இருக்கேன்னு படிக்க ஆரம்பிச்சேன், பாதியில நிறுத்த முடியல. ஆனா அந்த "எழுந்து ஓடுற சத்தம்" வந்த எடத்துல எனக்கு நெஞ்சு அடைச்சுருச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, கேக்கணும்னு தோணுது. நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு சட்டப்படி மான தொட்டாலே ஜெயிலு. அங்க கடையில கறி கிடைக்குது, உங்களுக்கு நல்ல வேலையும் இருக்கு. அப்புறம் எதுக்குண்ணே இது? அதுவும் துப்பாக்கி இருக்கும்போது வில்லுல எதுக்கு? வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு எல்லாத்தையும் தொளச்சான்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம், நெசத்துல அப்படியில்லேன்னு நீங்களே எழுதிட்டீங்க. அந்த உயிருக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்?

கொலராடோ_குளிர்:

நல்ல கேள்விங்க தம்பி, மரியாதையாவும் கேட்டிருக்கீங்க. சால்ட்லேக் தம்பி அவரு பதில சொல்லட்டும், பொது விசயம் மட்டும் நான் சொல்லிர்றேன்.

இந்தியாவையும் இங்கயும் ஒரே தராசுல வைக்க முடியாதுங்க. இங்கயும் 1900 வாக்குல கறிக்கும் தோலுக்கும் சந்தையில விக்கிறதுக்குன்னே சுட்டு தீத்துட்டாங்க, மான் அத்துப்போற நெலமைக்கு வந்துது. அதுக்கப்புறம்தான் காட்டு விலங்கு கறிய விக்கவே கூடாதுன்னு வந்துது, இன்னிக்கும் நான் எடுத்த கறிய ஒரு கிலோகூட விக்க முடியாது, வீணாக்குனாலும் கேஸ்தான். துப்பாக்கி, தோட்டா மேல போடுற வரிக்காசு மாநில வனவிலங்கு துறைங்களுக்குன்னு 1937ல சட்டம் வந்துது, பின்னால வில்லு சாமானையும் அதுல சேத்தாங்க. லைசென்ஸ், டேக் காசும் அங்கதான் போகுது. சால்ட் லேக்குக்கு கிழக்க பார்லீஸ் கேன்யன்ல ஹைவேக்கு மேல விலங்கு கடக்க 2018ல ஒரு பாலமே கட்டிருக்காங்க.

எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேனுங்க. மியூல் டியர் மேற்குல பல எடத்துல கொறஞ்சுக்கிட்டுதான் வருது. குளிர்கால மேய்ச்சல் சரிவுல எல்லாம் வீடு, ரோடு. 2022-23 குளிர்காலத்துல யூட்டால அல்டா மலையில மட்டும் 903 இன்ச் பனி, அந்த வருசம் வயோமிங்ல, வட யூட்டால மான் கொத்துக் கொத்தா பட்டினியில செத்துது. யூட்டால சில எடத்துல தீனி போட்டாங்க, உதிர்ந்த கொம்பு பொறுக்கவே மே 1 வரைக்கும் யாரும் போகக்கூடாதுன்னு தடை போட்டாங்க, ஏன்னா அந்த நேரத்துல ஒருதரம் தொரத்தி ஓட விட்டாலே அதுக்கு மிச்சமிருக்கிற கொழுப்பு போயிரும். சீசன் கடைசியில போறவங்க இத மனசுல வச்சுக்கோணும். இணைசேர்ற காலத்துல கலை நாலுல ஒரு பங்கு எடை வரைக்கும் எழந்துரும், அதுக்கப்புறம்தான் அதுக்கு குளிர்காலமே ஆரம்பிக்குது. ஒரே கூட்டத்த தெனம் மூணு தடவ கலைச்சு விடாதீங்க.

சால்ட்லேக்_வில்:

@மதுர_பையன் தம்பி, நீ கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. என்னால முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

நான் தேனி பக்கம் வளந்தவன். வீட்ல ஆடு வளத்தோம். தீபாவளிக்கு அப்பா அறுக்கும்போது நான் பக்கத்துல நிக்கணும்னு சொல்லுவார். தின்னா பாத்துட்டு தின்னு, இல்ல தின்னாதன்னு. இங்க வந்து 9 வருஷம் பிளாஸ்டிக் தட்டுல சுத்தி வச்ச கறிய வாங்கி தின்னேன், அது எப்படி வளந்துச்சு, எப்படி செத்துச்சு எதுவும் தெரியாது. எனக்கு அது ஒவ்வாம போச்சு. மரக்கறிக்கு மாறிரலாம்னு ஒரு வருஷம் இருந்தும் பாத்தேன், முடியல.

வில்லு ஏன்னா, 300 யார்டுலருந்து பாக்கிற மானுக்கும் 30 யார்டுல பாக்கிற மானுக்கும் வித்தியாசம் இருக்கு. 30 யார்டுல அதோட மூச்சு ஆவியா வர்றது தெரியும், கண் இமை தெரியும். அந்த தூரத்துக்குள்ள போகணும்னா காத்து, வெயில், புதர், பனி எல்லாத்தையும் படிக்கணும், நூறுல தொண்ணூறு தடவ தோத்துத்தான் வருவோம். அந்த கிட்டத்துலதான் நான் என்ன செய்யறேன்னு எனக்கு முழுசா தெரியுது. ஆனா துப்பாக்கியில சுட்டிருந்தா இந்த மான் அந்த ராத்திரிய பாத்திருக்காம இருக்கலாம், அதையும் நான் மறைக்கல. ரெண்டும் உண்மை.

அந்த ராத்திரி அதுக்கு எப்படி இருந்திருக்கும்னு கேட்ட. கஷ்டமாத்தான் இருந்திருக்கும். நான் ரெண்டு மணி நேரத்துல போகாம இருந்திருந்தா அது படுத்த எடத்துலயே அமைதியா போயிருக்கும்னு அண்ணன் சொன்னது சரின்னா, அது எழுந்து ஓடுன அந்த 240 மீட்டர் என்னால வந்தது. அத நான் சுமக்கணும். சுமந்துக்கிட்டுதான் இத எழுதுறேன்.

புது_வில்:

நான் ஐடாஹோ, பாய்சில இருக்கேன் அண்ணா. போன மார்ச்ல வில்லு வாங்கினேன், இழுக்கிற எடை 70 பவுண்டு. இப்போ குளிர்ல ஜாக்கெட் போட்டுட்டு இழுத்தா முடியவே மாட்டேங்குது, வில்ல வானத்துக்கு தூக்கி இழுக்க வேண்டியிருக்கு, இது நார்மலா? வேற என்ன பாத்துக்கணும், அம்பு முனை எது போடணும், ஃபிக்ஸடா, விரியிற மாதிரியா? நிறைய கேக்கிறேன், மன்னிச்சிருங்க.

அரிசோனா_அக்கா:

மன்னிப்பெல்லாம் எதுக்கு, கேட்டாத்தானே தெரியும். வானத்துக்கு தூக்கி இழுத்தேன்னா மலைல இருக்கிற அத்தன மானும் பாத்துரும். எடைய 60க்கு எறக்கு, வெக்கப்பட ஒண்ணுமில்ல, நான் 52ல இழுத்து ரெண்டு பக்கமும் ஊடுருவ அடிச்சிருக்கேன். யூட்டால சட்டப்படி 30 பவுண்டே போதும், உங்க மாநிலத்து கணக்க விதிப்புத்தகத்துல பாத்துக்க. ஒரு சோதன சொல்றேன், வேட்டைக்கு போடுற அத்தன துணியும் போட்டு, தரையில உக்காந்து ரெண்டு காலையும் முன்ன நீட்டி, வில்ல நேரா புடிச்சு மெதுவா இழுத்துப் பாரு. முடிஞ்சா அதுதான் ஒன் எடை. அப்படியே ஜாக்கெட் கையில நாண் உரசுதான்னும் பாத்துரு, உரசுனா அம்பு ஒரு அடி தள்ளிப் போகும், முன்கையில ஒரு ஆர்ம்கார்டு கட்டிக்கிட்டா சரியாயிரும்.

முனை விஷயத்துல சண்டையே நடக்கும். எனக்கு ஃபிக்ஸட்தான், கொறஞ்ச எடைல இழுக்கிறவங்களுக்கு அதுதான் நல்லா ஊடுருவும். எதப் போட்டாலும் சவரக் கத்தி மாதிரி கூரா இருக்கணும், பயிற்சிக்கு போட்ட முனைய வேட்டைக்கு கொண்டு போகாத.

கொலராடோ_குளிர்:

அக்கா சொன்னதோட, வில்ல ராத்திரி சூடான ரூம்ல வச்சுட்டு காலைல குளிருக்கு கொண்டு போனா சைட், ரேஞ்ச்ஃபைண்டர் எல்லாத்துலயும் ஈரம் பூத்துக்குமுங்க. கேஸ்ல போட்டு கார்லயே விட்டுருங்க, ரேஞ்ச்ஃபைண்டர் பேட்டரிய மட்டும் சட்டைக்கு உள்பாக்கெட்ல வச்சுக்கங்க. அப்பளம் மாதிரி பனின்னு தம்பி எழுதுனாரு பாருங்க, அந்த நாள்ல நகராதீங்க. மான் எங்க மேய வரும்னு முந்தின நாள் தூரத்துலருந்து பைனாகுலர்ல பாத்து வச்சுட்டு, காத்து மான் பக்கத்துலருந்து நம்ம பக்கம் வீசுற மாதிரி உக்காந்துக்கங்க. இல்லேன்னா கடைசி 60 யார்டுக்கு ஷூவ கழட்டிட்டு கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டு போகணும், பத்து நிமிசத்துக்கு மேல போனா விரல் போயிரும், நேரம் பாத்துக்கங்க.

சால்ட்லேக் தம்பி, நிணநீர் முடிச்சு டெஸ்ட்டுக்கு கொடுத்தீங்களா?

சால்ட்லேக்_வில்:

கொடுத்துட்டேன் அண்ணே. தொண்டைக்கு பின்னாடி இருக்கிற ரெண்டு முடிச்சையும் செக் ஸ்டேஷன்லயே எடுத்துக்கிட்டாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் கறிய ஃப்ரீசர்ல தனியா பேர் எழுதி வச்சிருக்கேன், யாருக்கும் கொடுக்கல.

மதுர_பையன்:

என்ன டெஸ்ட்டுண்ணே?

கொலராடோ_குளிர்:

சிடபிள்யூடின்னு (கிரானிக் வேஸ்டிங் டிசீஸ்) ஒரு நோயிங்க தம்பி. 1960கள் கடைசியில எங்க கொலராடோவுலதான், அடைச்சு வச்சிருந்த மியூல் டியர்ல முதமுதல்ல பாத்தாங்க. கிருமியும் இல்ல, வைரஸும் இல்ல, பிரியான்னு உருமாறிப்போன ஒரு புரதம், மூளைய சல்லடை மாதிரி ஆக்கிரும். மான் எளச்சு, எச்சி வடிஞ்சு, மனுசன பாத்தும் பயப்படாம நின்னுக்கிட்டே செத்துரும். மண்ணுல வருசக்கணக்கா கெடக்கும், சமைச்சாலும் சாகாது. மனுசனுக்கு வந்ததா இதுவரைக்கும் நிரூபணம் ஆகல, ஆனாலும் நோய் இருக்குன்னு ரிசல்ட் வந்தா தின்னாதீங்கன்னுதான் சுகாதாரத்துறை சொல்லுது. தலையையும் முதுகெலும்பையும் ஊரு விட்டு ஊரு கொண்டு போகாம, எலும்பெடுத்த கறிய மட்டும் கொண்டு வர்றது இதுக்குத்தானுங்க.

சால்ட்லேக்_வில்:

மூணு வாரம் கழிச்சு அப்டேட். ரிசல்ட் வந்துருச்சு, நோய் இல்ல.

மொத்தம் 21 கிலோ கறி. நண்பருக்கு எட்டு கிலோ கொடுத்தேன், வேணாம்னார், கட்டாயப்படுத்தி கொடுத்தேன், அவர் இல்லாம அந்த மான் கிடைச்சிருக்காது. முன்சப்பைய குக்கர்ல ஏழு விசில் விட்டு குழம்பு வச்சேன். முதுகுச்சதைய மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு வறுத்தா ரெண்டே நிமிஷம், மூணாவது நிமிஷம் வச்சா தோலு மாதிரி ஆயிரும். மான் கொழுப்ப மட்டும் சுத்தமா எடுத்துருங்க, ஆறுனா வாயில மெழுகு மாதிரி ஒட்டும், எண்ணெய்க்கு நல்லெண்ணெய் ஊத்திக்கங்க. கழுத்துக்கறிய கொஞ்சம் உப்பு, மஞ்சத்தூள் போட்டு உப்புக்கண்டத்துக்கு கட்டி வச்சிருக்கேன், அம்மா வீடியோ கால்ல சொல்லச் சொல்ல கோர்த்தது, வெயில் பத்தல, அடுப்பங்கரை ஓவன்ல கொறஞ்ச சூட்டுல காய வைக்கிறேன்.

மதுர_பையன்:

அண்ணே, எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்ல. ஆனா நீங்க அம்மாகிட்ட கேட்டு கோர்த்தேன்னு சொன்னது நல்லா இருந்துச்சு. அடுத்த வருஷமும் போவீங்களா?

சால்ட்லேக்_வில்:

போவேன் தம்பி. சம்மதம் இல்லாட்டியும் படிச்சு கேள்வி கேட்டதுக்கு நன்றி, நீ கேட்டதாலதான் நானும் எனக்குள்ள எழுதாம விட்டத எழுதுனேன்.

ரெண்டு முடிவு எடுத்திருக்கேன். ஜாக்கெட் போட்ட குளிர்ல 30 யார்டு, அதுக்கு மேல இல்ல, சைட்ல மிச்ச பின்னெல்லாம் கழட்டிட்டேன். இன்னொண்ணு, பிணை நகர்ந்துக்கிட்டு இருக்கும்போது கலை மேல விடுறதில்ல, எல்லாம் நிக்கட்டும்.

அரிசோனா_அக்கா:

தம்பி, ஜனவரி ரெண்டாவது வாரம் எங்க ஊர் பக்கம் வா, என் கூட ரெண்டு நாள் சுத்து. டேக் வேணாம், வில்லும் வேணாம், பைனாகுலர் மட்டும் எடுத்துட்டு வா. வர்றதுக்கு முன்னாடி எனக்கு போன் போடு, ஒவ்வொரு யூனிட்டுக்கும் (வேட்டைப் பகுதி) இத்தன மான்னு கணக்கு வச்சிருக்காங்க, அது முடிஞ்சா அந்த யூனிட்ட மூடிருவாங்க, எது தொறந்திருக்குன்னு பாத்து சொல்றேன்.

சால்ட்லேக்_வில்:

வர்றேன் அக்கா. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புனா சனிக்கிழமை காலைல அங்க இருப்பேன். உப்புக்கண்டம் கொண்டு வர்றேன்.

புது_வில்:

அக்கா, நானும் வரலாமா? 60க்கு எறக்கிட்டேன், உக்காந்து காலை நீட்டி இழுக்க முடியுது.

அரிசோனா_அக்கா:

வா பிள்ள. கம்பளி சாக்ஸ் வேணாம், இங்க காலுக்கு கீழ பூரா முள்ளு. நல்ல ஷூவும் ஒரு சீப்பும் கொண்டு வா, சோய்யான்னு (cholla) ஒரு கள்ளி இருக்கு, அதோட முள்ள கையால எடுக்க முடியாது, சீப்பாலதான் தட்டி விடணும்.